குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிறேன்!



இந்தப் பகுதியில் வரும் கடிதங்களை விடாமல் படிப்பவள் நான். மாமியார் பிரச்னை, மகன் படிப்பு, வரன் தேடும் கவலை என்று எத்தனையோ சகோதரிகள் மனம் விட்டு எழுதுகிறார்கள். நாம் வீட்டில் பேசவே கூசுகிற ஒரு விஷயத்தைப் பற்றி நானும் எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். படித்துவிட்டு நாலு பேரிடம் சொன்னீர்கள் என்றால் அதுவே எனக்குப் போதும்.

எனக்கு வயது 57. கேளம்பாக்கத்தில் வசிக்கிறேன். கணவர் ஓய்வு பெற்றவர். மகளுக்குத் திருமணமாகி பெங்களூரில் இருக்கிறாள். பி.ஏ. படித்துவிட்டு 14 வருடம் நர்சரி ஸ்கூலில் டீச்சராக இருந்தேன். மாமியார் படுத்த படுக்கையான பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டேன்.

நாங்கள் 1998-ல் இங்கே வந்தபோது ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் சவுக்குத் தோப்பு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் ரோட்டில் ஆள் நடமாட்டம் இருக்காது. இப்போது பழைய மகாபலிபுரம் சாலை முழுக்க கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அடுக்குமாடி வீடுகளும்தான். அந்த அடுக்குமாடிகளைக் கட்டுகிறவர்களும், அங்கே பாத்திரம் தேய்க்கிறவர்களும், செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர்களும் பக்கத்திலேயே ஒற்றை அறைகளில் குடியிருக்கிறார்கள். அப்பா அம்மா இருவரும் விடிகாலையில் வேலைக்குப் போய்விட்டால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் ஆபத்து வரத்தான் செய்கிறது. ஆனால், கேட்பாரில்லாத பிள்ளைக்கு அது சீக்கிரம் வந்துவிடுகிறது.

நான் செய்யும் வேலைக்கு ஆபீஸ் பாஷையில் 'துணை நபர்' என்று பெயர். பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு குழந்தை போலீஸ், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று அலைய வேண்டி வரும்போது, கேஸ் முடிகிறவரை அதன் கூடவே இருப்பதுதான் வேலை. நான் வக்கீல் அல்ல. போலீஸும் அல்ல. கோர்ட்டில் எழுந்து நின்று வாதாட மாட்டேன். குழந்தைக்கு என்ன நடக்கப் போகிறது என்று அதற்குப் புரிகிற மாதிரி முன்கூட்டியே சொல்வேன். வாய்தா தேதி என்றைக்கு என்று வீட்டுக்குத் தகவல் கொடுப்பேன். அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மாதம் ஒருமுறை குழந்தைகள் நலக்குழுவுக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பேன். அவ்வளவுதான்.

"இதுக்கு எதுக்கு ஒரு ஆளு? அம்மா அப்பா இல்லையா?" என்று என் ஓரகத்தியே கேட்டாள். அம்மா அப்பாவே அழுது ஓய்ந்து போயிருப்பார்கள். எந்தப் படியேறி யாரைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. சில வீடுகளில் தப்பு செய்தவனே சொந்தக்காரனாக இருப்பான். அப்போது அந்தக் குழந்தையின் பக்கம் மட்டும் நிற்க ஒரு வெளியாள் வேண்டியிருக்கிறது.

இப்படி ஒரு யோசனை வெளிநாட்டிலும் ஒரு நீதிபதிக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் டேவிட் சூக்கப் என்று ஒரு நீதிபதி. அடிபட்ட, கவனிப்பாரற்ற குழந்தைகளை யாரிடம் ஒப்படைப்பது என்று அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். குழந்தையின் நிலை பற்றி முழு விவரம் தெரியாமல் முடிவெடுக்கிறோமே என்று அவருக்கு உறுத்தல். அதனால் 1977-ல் சாதாரண பொதுஜனங்களுக்குப் பயிற்சி கொடுத்து, குழந்தைக்காகப் பேச கோர்ட்டே அவர்களை நியமிக்கும்படி ஏற்பாடு செய்தார். இன்றைக்கு அந்த நாடு முழுவதும் அந்த ஏற்பாடு பரவியிருக்கிறது. அங்கே தொண்டு செய்ய வருபவர் குழந்தையின் வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் விசாரித்து, இந்தப் பிள்ளைக்கு எது நல்லது என்று நீதிபதிக்கே எழுதிக் கொடுக்கிறார்.

நம் நாட்டில் வழி வேறு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் 'போக்சோ' சட்டம் 2012 நவம்பர் 14-ம் தேதி, குழந்தைகள் தினத்தன்று, நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிரம்பாத ஆண், பெண் குழந்தைகள் எல்லோருக்கும் அது பொருந்தும். ஆம், பையன்களுக்கும் சேர்த்துத்தான்! அந்தச் சட்டத்தின் கீழ் 2020-ல் வந்த புதிய விதிகளில் துணை நபரின் பொறுப்புகள் விவரமாக எழுதப்பட்டிருக்கின்றன. குழந்தை, பெற்றோர் இவர்களின் சம்மதத்துடன் மாவட்டக் குழந்தைகள் நலக்குழு அவரை நியமிக்கும். குழந்தைக்கு அவரைப் பிடிக்கவில்லை என்றால் காரணம் சொல்லாமலே மாற்றச் சொல்லலாம். இந்த விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. குழந்தைக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையை முதலில் நம்மிடமே கொடுத்துவிட்டார்கள் பாருங்கள்!

விதி இருந்தும் பல ஊர்களில் துணை நபரே இல்லாமல் கேஸ் நடந்து வந்தது. 2023 ஆகஸ்ட் 18 அன்று, உத்தரப்பிரதேசத்துச் சிறுமி ஒருத்தி பட்ட கஷ்டம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கவனித்து, இந்த ஏற்பாடு ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது என்று விரிவான உத்தரவுகளைப் போட்டது.

நம் சென்னை மாகாணம் குழந்தைகள் விஷயத்தில் முன்னோடி என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவிலேயே முதன்முதலாகக் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் 1920-ல் இங்கேதான் வந்தது. எங்கள் செங்கல்பட்டில் வெள்ளைக்காரன் காலத்திலேயே சிறுவர் சீர்திருத்தப் பள்ளி இருந்தது. மகளிர் காவல் நிலையம் 1992-ல் ஆயிரம் விளக்கில் ஆரம்பித்தபோது, பெண்கள் துணிந்து படியேற முடிந்ததே என்று நாமெல்லாம் சந்தோஷப்பட்டோம். அதன் அடுத்த படி இது என்று நான் நினைக்கிறேன்.

இனி, நான் துணையாகப் போன ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். பெயர், ஊர், பள்ளிக்கூடம் எதையும் எழுத மாட்டேன். எழுதுவது சட்டப்படி குற்றம். அடையாளம் தெரியாமல் இருக்க வயது, உறவுமுறை போன்றவற்றை மாற்றியே எழுதுகிறேன். எந்தக் கோர்ட் என்பதும் வேண்டாமே.

பாப்பாவுக்கு அப்போது எட்டு வயது. அம்மா அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்கிறவள். அப்பா லாரி டிரைவர். மாதத்தில் பத்து நாள்தான் வீட்டில் இருப்பார். ஒரே காம்பவுண்டில் பாட்டி, பெரியப்பா, அவர் குடும்பம் என்று எல்லோரும் இருந்தார்கள். தப்பு செய்தது அந்தப் பெரியப்பா.

பாப்பா யாரிடமும் சொல்லவில்லை. திடீரென்று படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். பெரியப்பா வீட்டுப் பக்கம் போகச் சொன்னால் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொண்டாள். பள்ளிக்கூட டீச்சர்தான் கவனித்து, தனியாக உட்கார வைத்து மெதுவாகக் கேட்டிருக்கிறார். விஷயம் தெரிந்ததும் ஹெட்மிஸ்ட்ரஸ் மூலமாக 1098-க்கு போன் போனது. அந்த டீச்சருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். 'குடும்ப விஷயம், நமக்கெதுக்கு' என்று அவர் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

என்னை நியமித்த பிறகு முதல் மூன்று முறை நான் பாப்பாவிடம் கேஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பல்லாங்குழி ஆடினோம். நான் டீச்சராக இருந்தவள் என்று அவள் அம்மா சொன்னதால் என்னையும் 'டீச்சர்' என்றே கூப்பிட்டாள். நாலாவது முறை அவளே கேட்டாள்: "டீச்சர், நான் பொய் சொல்றேன்னு பாட்டி சொல்லுது. கோர்ட்டுல என்னை அடிப்பாங்களா?"

"யாரும் அடிக்க மாட்டாங்க கண்ணு. அங்க ஒரு பெரியவங்க உக்காந்திருப்பாங்க. அவங்க கேக்குறதுக்கு உனக்குத் தெரிஞ்சதைச் சொன்னா போதும். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. மறந்துபோச்சுன்னா மறந்துபோச்சுன்னு சொல்லு" என்றேன்.

இங்கே சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லு' என்று குழந்தைக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்கவே கூடாது. பயிற்சியில் திரும்பத் திரும்ப இதைத்தான் சொன்னார்கள். சொல்லிக் கொடுத்த வார்த்தை எதிர்தரப்பு வக்கீலின் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். உண்மையாக நடந்ததும் பொய் மாதிரி ஆகிவிடும். அதனால் சம்பவத்தைப் பற்றி நான் அவளிடம் கேட்டதே இல்லை. கோர்ட் ரூம் எப்படி இருக்கும், யார் எங்கே உட்காருவார்கள், தண்ணீர் வேண்டும் என்றால் எப்படிக் கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் எங்கள் பேச்சு.

முதல் வாய்தாவுக்குப் போனோம். காலை பத்து மணிக்குப் போய் மதியம் மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தோம். தள்ளி வைத்துவிட்டார்கள். இரண்டாவது தடவையும் அப்படியே. சாட்சி சொல்லப் போகிறோம் என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் வந்த குழந்தை, ஒன்றும் நடக்காமல் வீட்டுக்குத் திரும்புவது எவ்வளவு கொடுமை தெரியுமா? சட்டப்படி, கோர்ட் வழக்கைக் கையில் எடுத்த 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும். கூடுமானவரை ஒரு வருடத்துக்குள் வழக்கே முடிய வேண்டும். பல இடங்களில் அப்படி நடப்பதில்லை என்பதுதான் நிஜம்.

இரண்டாவது வாய்தா அன்று இன்னொன்றும் நடந்தது. வராந்தாவில் எதிரே பெரியப்பா வந்துவிட்டார். பாப்பா என் புடவைத் தலைப்பைப் பிடித்து முகத்தை மூடிக்கொண்டாள். உடம்பு கிடுகிடுவென நடுங்கியது. சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. அதற்குத் திரையோ, வீடியோ வசதியோ, ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடியோ வைக்கிறார்கள். உள்ளே திரை போட்டாலும், வெளியே வராந்தாவில் திரை ஏது? அரசு வக்கீலிடம் சொன்னேன். குழந்தைகள் நலக்குழுவுக்கும் எழுதினேன். அடுத்த முறை பாப்பாவுக்கு வேறு வாசல் வழியாக வரவும், தனி அறையில் காத்திருக்கவும் ஏற்பாடு ஆனது. சின்ன விஷயம்தான். ஆனால் அதைக் கேட்டு வாங்க ஒரு ஆள் வேண்டியிருந்தது இல்லையா?

மூன்றாவது வாய்தாவுக்கு நாலு நாள் இருக்கும்போது, ராத்திரி ஒன்பது மணிக்கு பாப்பாவின் அம்மா போன் பண்ணினாள். அழுகையோடு அழுகையாகப் பேசினாள்.

"டீச்சரம்மா, மாமியார் வந்து கால்ல விழுறாங்க. 'பிள்ளை ஏதோ கனவு கண்டு சொல்லிடுச்சு, ஒண்ணும் நடக்கலை'ன்னு கோர்ட்டுல சொல்லச் சொல்றாங்க. சொன்னா இந்த வீட்டுல பாதி எங்க பேருக்கு எழுதித் தர்றாங்களாம். சொல்லலைன்னா நாளைக்கே காலி பண்ணணுமாம். எங்க வீட்டுக்காரரு வாயே திறக்க மாட்டேங்கிறாரு. பிள்ளையைக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்? நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்?"

சகோதரிகளே, நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன சொல்வீர்கள்? 'தைரியமா இரு, நியாயம் ஜெயிக்கும்' என்று சொல்லிவிட்டு போனை வைப்பது சுலபம். ராத்திரி படுக்க இடமில்லாதவளுக்கு அது எதற்கு உதவும்? 'நான் சொல்றபடி செய்' என்று உத்தரவு போடவும் எனக்கு உரிமை இல்லை. அவள் வாழ்க்கை, அவள் குழந்தை.

எனக்குத் தெரிந்த விஷயங்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இந்த மாதிரி கேஸில் இரண்டு குடும்பமும் பேசி சமாதானமாகப் போக சட்டத்தில் இடமில்லை. சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம். அதைப் போலீஸில் சொல்லலாம். குழந்தையின் சாப்பாடு, துணிமணி, போக்குவரத்து போன்ற அவசரத் தேவைக்குக் குழந்தைகள் நலக்குழு சிபாரிசு செய்தால், அது கிடைத்த ஒரு வாரத்துக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2020 விதிகளில் இருக்கிறது. தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் இடைக்கால நிவாரணம் கேட்டும் கோர்ட்டில் மனு போடலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார்.

"இவ்வளவும் இருக்கா?" என்று கேட்டாள். பிறகு கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "காலையில வர்றேன் டீச்சரம்மா" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு வந்தாள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கட்டைப் பை, பாப்பா. நாங்கள் மூன்று பேரும் அன்றைக்கே குழந்தைகள் நலக்குழு முன் போய் நின்றோம். மனு எழுதினோம். வேலை செய்யும் வீட்டம்மா ஒருவர் ஒற்றை அறை பார்த்துக் கொடுத்து, அட்வான்ஸையும் அவரே கட்டினார். அந்த அம்மாவுக்கு கேஸ் விவரம் எதுவும் தெரியாது. கேட்கவும் இல்லை. இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்!

மூன்றாவது வாய்தா அன்று பாப்பாவைக் கூப்பிட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டுதான் விசாரணை. சம்பந்தமில்லாத யாரும் உள்ளே இருக்க முடியாது. நீதிபதி அம்மாள் கருப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, "என்ன கிளாஸ் படிக்கிறே? மத்தியானம் என்ன சாப்பாடு கொண்டு வந்திருக்கே?" என்று ஆரம்பித்தார். போக்சோ வழக்கில் வக்கீல்கள் குழந்தையை நேரடியாகக் குறுக்கு விசாரணை செய்யக் கூடாது. கேள்வியை நீதிபதியிடம்தான் கொடுக்க வேண்டும். அவர்தான் குழந்தையிடம் கேட்பார். சினிமாவில் பார்க்கிற மாதிரி மேஜையைத் தட்டி மிரட்டுவது எல்லாம் நடக்காது. நடுவில் பாப்பா, "ஒண்ணுக்குப் போகணும்" என்றாள். உடனே நிறுத்தினார்கள். குழந்தை கேட்டால் இடைவேளை கொடுக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை. அவள் சொன்னது எதையும் இங்கே எழுதப் போவதில்லை. எட்டு வயதுக் குழந்தை, தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லிவிட்டு, "தெரியலை" என்று மூன்று இடத்தில் சொன்னாள். அது மட்டும் எழுதினால் போதும்.

வெளியே வந்தால், மரத்தடியில் அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார். அதுவரை ஒருநாளும் கோர்ட் பக்கம் வராதவர். கையில் ஒரு பொட்டலம் இட்லி. அண்ணனா, மகளா என்று ஆறு மாதம் அல்லாடிய மனுஷன். ஒன்றும் பேசவில்லை. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஊட்டிவிட்டார். அன்றிலிருந்து அவரும் அந்த ஒற்றை அறைக்கு வந்துவிட்டார்.

தீர்ப்பு வர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பெரியப்பாவுக்குத் தண்டனை கிடைத்தது. நிவாரணத் தொகைக்கும் உத்தரவானது. பாட்டி இன்றுவரை மருமகளிடம் பேசுவதில்லை. சொந்தபந்தத்தில் பாதிப் பேர் இந்தக் குடும்பத்தை விசேஷங்களுக்குக் கூப்பிடுவதில்லை. நியாயம் கிடைத்தாலும் அதற்கு ஒரு விலை கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. பாப்பா இப்போது படுக்கையை நனைப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் கோகோ விளையாடுகிறாள். எனக்கு அது போதும்.

எல்லாக் கேஸும் இப்படி முடிவதில்லை. இன்னொரு வழக்கில், நான் ஒன்றரை வருடம் கூடப் போனேன். கடைசி நேரத்தில் அம்மா பிறழ் சாட்சி ஆகிவிட்டார். பிள்ளையும் 'ஒன்றுமில்லை' என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையாகி வெளியே போனார். அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு இன்னும் இரண்டு பெண் குழந்தைகள், வேலை கொடுப்பவரும் அந்த ஆள்தான். தீர்ப்பு எங்கள் கையில் இல்லை. அந்தக் குழந்தை, 'நான் சொன்னதை ஒருத்தர் நம்பினாங்க' என்று பெரியவளான பிறகு நினைத்துக்கொண்டால், அந்த ஒன்றரை வருடம் வீண் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அடி, பாலியல் கொடுமை மட்டும்தான் கொடுமை என்றில்லை. கவனிப்பாரற்று விடுவதும் கொடுமைதான். இதற்கு 2015-ல் வந்த இளைஞர் நீதிச் சட்டம் இருக்கிறது. கைவிடப்பட்ட, கவனிப்பில்லாத, அடிபடுகிற எந்தக் குழந்தையையும் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன் கொண்டுவர வேண்டும். தலைவரும் நாலு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும்.

"அங்க கொண்டுபோனா பிள்ளையைப் பிடிச்சு ஹோம்ல போட்டுடுவாங்களாமே?" என்று பல பேர் பயப்படுகிறார்கள். எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி ஒரு பையன். அம்மா இறந்துவிட்டாள். அப்பா குடித்துவிட்டு எங்கேயோ போய்விட்டார். கண் சரியாகத் தெரியாத பாட்டியோடு இருந்தான். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஹோட்டலில் டேபிள் துடைத்துக்கொண்டிருந்தான். பாட்டி பயந்து நடுங்கிக்கொண்டுதான் குழு முன் வந்தார். பையனைப் பிரிக்கவில்லை. 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் கிடைக்க ஏற்பாடு செய்து, பாட்டியிடமே விட்டார்கள். மறுபடி ஸ்கூலுக்குப் போகிறான். குடும்பத்தோடு வைத்துப் பார்க்க வழியிருந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும், ஹோம் என்பது கடைசிக்கும் கடைசி என்பதுதான் சட்டத்தின் நோக்கமே.

நாம் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய சில விஷயங்களைக் கீழே எழுதுகிறேன். கத்தரித்து சமையலறைக் கதவில் ஒட்டி வையுங்கள்.

* குழந்தைக்கு பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், யாராக இருந்தாலும் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைப்பது குற்றம். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது.

* குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும். கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத பெண் போலீஸ், யூனிஃபார்ம் இல்லாமல் வர வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் ராத்திரியில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது.

* பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். அப்பா, அம்மா அல்லது குழந்தை நம்பும் ஒருவர் கூட இருக்கலாம்.

* போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழுவுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். 'எங்களுக்குத் துணை நபர் வேண்டும்' என்று அங்கே கேளுங்கள்.

* குழந்தையின் பெயர், போட்டோ, வீடு, பள்ளி எதுவும் வெளியே வரக்கூடாது. பேப்பருக்கு மட்டும் அல்ல, நமக்கும்தான் இது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நடந்ததை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

* அவசரத்துக்கு 1098. இருபத்து நாலு மணி நேரமும் பேசலாம். காசு கிடையாது.

என்னைப் போல் வர விரும்புகிறவர்கள், கலெக்டர் ஆபீஸில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று விசாரியுங்கள். குழந்தைகளுக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனங்கள் மூலமாகவும் சேரலாம். நான் அப்படித்தான் சேர்ந்தேன். படிப்பு, குழந்தைகளோடு பழகிய அனுபவம் இரண்டும் பார்ப்பார்கள். உங்கள் பேரில் போலீஸ் விசாரணையும் இருக்கும். அது நல்லதுதான். யார் வேண்டுமானாலும் குழந்தை பக்கத்தில் வந்து உட்காரக் கூடாது இல்லையா?

வீட்டில் எதிர்ப்பு இருக்கும். "கோர்ட் வாசப்படி மிதிக்கிற பொம்பளைன்னு பேர் வாங்கணுமா?" என்றார் என் கணவர். வாக்குவாதம் பண்ணவில்லை. சமையலை முடித்து மூடி வைத்துவிட்டு ஏழு மணிக்கு பஸ் ஏறினேன். ஒருநாள் மழையில் நனைந்து ராத்திரி வந்தபோது, அவர் சாதம் வடித்து ரசம் வைத்திருந்தார். ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கல்தான். அதன் பிறகு வாய்தா தேதியை காலண்டரில் அவரே குறித்து வைக்கிறார்.

பொறுமை ரொம்ப வேண்டும். மனசு கனத்துப்போகும் நாட்களும் உண்டு. கேட்டதை வீட்டில் கூடச் சொல்ல முடியாது. ஆனால், நாம் வருஷக்கணக்காகச் செய்துவரும் வேலைதானே இது? காய்ச்சல் வந்த பிள்ளை பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்திருக்கத் தெரிந்தவர்கள்தானே நாம்?

அந்த வேலைக்கு வர முடியாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுக் குழந்தையோ, எதிர்வீட்டுக் குழந்தையோ, வேலைக்கு வரும் பெண்ணின் குழந்தையோ தயங்கித் தயங்கி ஏதாவது சொல்ல வந்தால், கையில் உள்ள கரண்டியைக் கீழே வையுங்கள். உட்கார்ந்து கேளுங்கள். "அவரா? அவர் அப்படி எல்லாம் பண்ண மாட்டாரு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குழந்தை இரண்டாவது தடவை சொல்லாது.

இப்படிக்கு,
உங்கள் சகோதரி,
ஒரு வாசகி,
கேளம்பாக்கம்.